மின்மினி வம்ச விருத்தாந்தம்

1885-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் தேதியன்று, தைப்பிங் நகரத்திலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகம் வரைக்கும் எட்டு மைல் தூரத்துக்கு இடப்பட்ட இருப்புப்பாதையில், மலாய் நாட்டின் முதல் ரயில் வண்டி ஓடிற்று. கமுந்திங்கிலும் தைப்பிங்கிலும் வெட்டியெடுத்த ஈயத்தைக் கடற்கரை கொண்டுபோய்ச் சேர்ப்பதே அதன் பிரதான நோக்கம். சதுப்பிலும் சேற்றிலும் நின்று அந்தப் பாதையை அமைத்தவர்களுள் இலங்கையிலிருந்து தருவிக்கப்பட்ட பயனியர் படையினரும் இருந்தார்கள். அதே 1885-இல் பிரான்ஸ் தேசத்தில் ரஃபேல் டுபுவா என்னும் பண்டிதர், மேற்கிந்தியத் தீவுகளின் ஒளிவீசும் வண்டு ஒன்றை அரைத்து, தண்ணீரில் ஒரு சாறும் வெந்நீரில் ஒரு சாறுமாக எடுத்து, முதற்சாறு சற்று நேரம் ஒளிர்ந்து அணைந்துபோவதையும், இரண்டாவது சாறு ஒளிராமலே கிடப்பதையும், அணைந்ததோடு ஒளிராததைக் கலந்தவுடன் மறுபடியும் வெளிச்சம் உண்டாவதையும் கண்டு, பூச்சியின் ஒளி உயிரோடு போய்விடும் மர்மமன்று, இரண்டு பொருள்கள் கூடுவதால் நிகழும் ரசாயனக் காரியமே என்று ஸ்தாபித்தார். இவ்விரு சம்பவங்களுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஆயினும் அந்த ரயில் போய் நின்ற செபெத்தாங் ஆற்றின் கரையோர மரங்களில்தான், இன்று பேராக் மாநிலத்தார் படகேறிச் சென்று பார்க்கும் மின்மினிக் கூட்டங்கள் வாசம் செய்கின்றன. ஆகவே இரண்டையும் அருகருகே வைத்து இந்த விருத்தாந்தத்தைத் தொடங்குவதில் தவறில்லை.

கமுந்திங்கின் பழைய பெயர் கிலியான் பாரு. 1840-களின் பிற்பகுதியில் லோங் ஜாஃபரின் காலத்தில் லாரூட் பிரதேசத்தில் ஈயம் பெருவாரியாக வெட்டப்படத் தொடங்கிய பிறகு, சீனத் தொழிலாளர்கள் திரள்திரளாக வந்து குடியேறினார்கள். தைப்பிங்கின் பழைய சுரங்கமாகிய கிலியான் பாவ் ஹாய் சான் கூட்டத்தாரின் வசமும், கிலியான் பாரு கீ ஹின் கூட்டத்தாரின் வசமும் இருந்தன; 1861 முதல் 1874 வரையில் அவர்களுக்குள் மூண்ட சண்டைகள்தாம் லாரூட் யுத்தங்கள் என்று சரித்திரத்தில் இடம்பெற்றவை. 1874-ஆம் ஆண்டு ஜனவரியில் பங்கோர் உடன்படிக்கை ஏற்பட்டதும் ஆங்கிலேயரின் ஆட்சி உள்ளே நுழைந்தது, சண்டை ஓய்ந்தது, காடு வெட்டுவது மட்டும் ஓயவில்லை. ஈயம் எடுத்த இடமெல்லாம் குட்டைகளாயின. இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் எஞ்சிய மேட்டு நிலங்களில் ரப்பர் வந்தது. ரப்பரோடு, கங்காணிமாரின் பின்னே கப்பலேறித் தமிழர்கள் வந்தார்கள். மலைச்சாரலின் அடியில் இருப்பதால் தைப்பிங் வட்டாரத்தில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. தீபகற்பத்தில் இவ்வளவு மழை பெறும் ஊர் வேறில்லை என்பார்கள். ஈரமும் நத்தையும் குறைவின்றி உள்ள பூமி மின்மினிக்குச் சொர்க்கம் என்பதை இப்போதே சொல்லி வைக்கிறேன். காரணம் பின்னால் விளங்கும்.

பால்மரம் வெட்டுகிறவர்கள் விடிவதற்கு முன்னமே எழுந்து, பெரட்டு எனப்படும் ஆள்கணக்கில் பேர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டில் நிரை பிடித்துப் போகிறவர்கள். புல்மேட்டிலும் கால்வாய் ஓரத்திலும் தாழப் பறந்து மினுக்கும் பூச்சியையும், மழை பெய்த மறுநாள் ஈரச் சருகின்மேல் வாலில் இரட்டை வெளிச்சத்தோடு ஊர்ந்துபோகும் புழுவையும் அவர்களைப்போல் நித்தியமும் கண்டவர்கள் எந்தச் சர்வகலாசாலையிலும் இருந்திருக்க முடியாது. லயத்துப் பிள்ளைகள் முன்னதைப் பிடித்துப் போத்தலில் அடைத்து விளையாடினார்கள். பின்னதைக் கண்டு பயந்து ஒதுங்கினார்கள். இரண்டும் ஒரே குலத்தின் இரண்டு பருவங்கள் என்று அவர்களுக்குச் சொல்வாரில்லை. தூக்கணாங்குருவி தன் கூட்டிலே களிமண்ணை ஒட்டி அதில் மின்மினியைப் பதித்து விளக்கேற்றிக்கொள்ளும் என்ற பழங்கதையை மட்டும் தாய்நாட்டிலிருந்து கொண்டுவந்திருந்தார்கள். அந்தக் குருவி கூட்டுக்குள் களிமண் அப்புவது மெய். விளக்கு விஷயம் பாட்டிமாரின் உபயம்.

மின்மினி ஈயும் அன்று, விட்டிலும் அன்று, வண்டு. முன்னிறகு தடித்து உறைபோல் மாறிப் பின்னிறகை மூடிக்கொள்ளும் வண்டினத்தில், உறை சற்று மென்மையாக இருக்கும் ஒரு கிளையைச் சேர்ந்தது. ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் 1758-இல் ஜீவராசிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வைத்து முறைப்படுத்திய நூலில், ஐரோப்பாவின் மின்மினியை ஒளியற்ற வேறொரு வண்டுக் கூட்டமாகிய காந்தாரிஸ் என்பதற்குள் சேர்த்துவிட்டார். நான்கே வருஷங்களில் பிரெஞ்சுக்காரராகிய ஜெஃப்ராய் லாம்பிரிஸ் என்றொரு தனிப் பேரினத்தைப் பிரித்தார். அந்தப் பெயரிலிருந்தே லாம்பிரிடே என்ற குடும்பப் பெயர் பிறந்தது. குடும்பத்தில் இன்று அறியப்பட்டவை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள். முதன்முதலாகப் பெயர் பெற்ற மின்மினியே தவறான வீட்டில் குடிவைக்கப்பட்டுப் பிறகு இடம் மாறியது என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். இந்தக் குலத்தின் சாஸ்திரம் முழுவதும் வீடு மாறிய கதைதான்.

மலாய் நாட்டின் சதுப்பு மின்மினிக்கும் அதே கதிதான். கோர்ஹாம் என்னும் ஆங்கிலப் பாதிரியார் 1880-இல் மலாக்காவின் பெயரால் ஓர் இனத்தை வருணித்து, அதை லூசியோலா என்ற பெரிய பேரினத்தில் வைத்தார். 1902-இல் பிரான்ஸின் எர்னெஸ்ட் ஒலிவியே, தம் மேஜைக்கு வந்து சேர்ந்த கீழ்த்திசை மாதிரிகளைப் பரிசீலித்தபோது, அதையும் அதன் உறவினங்களையும் தனியே பிரித்து டெரோப்டிக்ஸ் என்ற புதுப் பேரினத்தை நிறுவினார். 1907-இல் டெரோப்டிக்ஸ் டெனர், 1909-இல் டெரோப்டிக்ஸ் பியார்னி என்பவற்றையும் வருணித்தார். விலங்கியல் நூல்களில் ஓர் இனப்பெயரின் பின்னே அதை வருணித்தவரின் பெயர் சில இடங்களில் அடைப்புக்குறிக்குள்ளும் சில இடங்களில் வெறுமனேயும் நிற்பதைப் பார்க்கலாம். அடைப்புக்குறி இருந்தால், அந்த இனம் பிறந்த வீட்டை விட்டு வேறு பேரினத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம். கோர்ஹாம் அடைப்புக்குள் நிற்கிறார். ஒலிவியே வெளியே நிற்கிறார்.

ஒலிவியே எதைக் கொண்டு பிரித்தார்? ஆண் வண்டை எடுத்துப் பூதக்கண்ணாடியின் அடியில் வைத்துப் பார்ப்போம். நெல் மணி அளவே உள்ள சின்ன உடல். கண்கள் மட்டும் உடலுக்குப் பொருந்தாத பெருமையோடு, தலையின் பெரும்பாகத்தையும் கவர்ந்துகொண்டிருக்கின்றன. இருட்டில் பெண்ணின் ஒளியைத் தேட வேண்டியவன் அல்லவா? உறைகளை முதுகின்மேல் பார்த்துக்கொண்டே பின்னால் போனால், மற்ற வண்டுகளில் தட்டையாக முடிகிற நுனி, இதில் திடீரென்று கீழ்நோக்கி மடங்கியிருக்கிறது. இந்த மடிப்புத்தான் டெரோப்டிக்ஸின் முத்திரை. எதற்காக மடங்கியிருக்கிறது என்பது எண்பது ஆண்டுகள் வரையில் எவருக்கும் தெரியவில்லை. 1983-இல்தான், இந்தப் பேரினத்து ஆண், கலவியின்போது அந்த மடிப்பையும் தன் வயிற்று நுனியையும் இடுக்கியாக்கிப் பெண்ணின் வயிற்றைக் கவ்விக்கொண்டு, போட்டிக்கு வரும் மற்ற ஆண்கள் தன்னைப் பிரித்துவிடாதபடி காத்துக்கொள்கிறது என்று ஆராய்ச்சியாளர் சிலர் எழுதினார்கள். கடைசியாக வண்டைத் திருப்பி வயிற்றைப் பார்த்தால், ஆணுக்கு இரண்டு கண்டங்களில் ஒளியுறுப்பு. பெண்ணுக்கு ஒரே கண்டத்தில். உயிரோடு இருக்கையில் ஊரையே இழுத்து வரும் அந்தப் பாகம், செத்த மாதிரியில் வெளிறிய இரண்டு பட்டைகளாக மட்டும் தெரியும்.

இங்கேதான் எனக்கு ஓர் ஆட்சேபம் உண்டு. மின்மினி என்றால் ஒளி. ஒளியை நீக்கினால் அதைத் திரும்பிப் பார்க்கிறவர் எவருமில்லை. ஆனால் கீழ்த்திசை மின்மினிகளை வகைப்படுத்திய பெரியோர்கள் பலர் அவற்றின் ஒளியைக் கண்டதில்லை. கப்பலில் மாதக்கணக்காகப் பயணம் செய்து பாரிஸுக்கும் லண்டனுக்கும் போய்ச் சேர்ந்த உலர்ந்த உடல்களை ஊசியில் குத்திவைத்து, இறகின் மடிப்பையும், நெஞ்சுத் தகட்டின் வடிவத்தையும், ஆண்குறியின் அமைப்பையும் அளந்து அவர்கள் ஜாதி பிரித்தார்கள். அவர்களைக் குறைகூறுவதற்கில்லை, கையில் கிடைத்தது அதுதான். மேலும், ஒளியை அளவுகோலாகக் கொள்வதும் அபாயமே. இந்தக் குடும்பத்திலேயே பகலில் திரிந்து, வளர்ந்தபின் வெளிச்சம் காட்டாத இனங்கள் உண்டு. டுபுவா அரைத்தெடுத்த மேற்கிந்திய வண்டோ பிரகாசமாக ஒளிர்ந்தும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று, புரட்டிப் போட்டால் ‘டக்’கென்று எகிறும் வேறொரு வண்டுக் குடும்பத்தது. ஆனால் செத்த உடலை மாத்திரம் நம்பியதால் நேர்ந்த குழப்பமும் சாமானியமன்று. லூசியோலா என்ற பேரினம், எங்கே வைப்பதென்று தெரியாத கீழ்த்திசை மின்மினிகளையெல்லாம் போட்டுவைக்கும் பரணாகிவிட்டது. ஆஸ்திரேலியாவின் லெஸ்லி பாலன்டைன் ஐம்பது வருஷ காலம் அந்தப் பரணை இறக்கிச் சுத்தம் செய்தார். நீரில் புழுப்பருவம் கழிக்கும் இனங்கள் 2010-இல் அக்வாட்டிகா என்றும், இந்தியாவில் சாதாரணமாகக் காணப்படும் சில இனங்கள் 2013-இல் அப்ஸ்காண்டிட்டா என்றும் பிரிந்து போயின. இதில் பாலன்டைனின் விசேஷம், புழுவையும் வளர்ந்த வண்டையும் சேர்த்தே பார்த்ததும், உயிருள்ள பூச்சியை அதன் ஆற்றங்கரையில் கண்ட மலேசிய, சீன ஆய்வாளர்களைத் துணையாகக் கொண்டதுமேயாகும்.

உயிருள்ள கூட்டத்தைக் கண்டவர்களின் கதை தனி. ஜெர்மானிய வைத்தியராகிய எங்கெல்பெர்ட் கேம்ப்ஃபர் 1690-இல் சயாம் நாட்டு மேனாம் ஆற்றில் பயணம் செய்தபோது, கரையோரத்து மரம் ஒன்று முழுவதும் ஒரே கணத்தில் ஒளிர்ந்து ஒரே கணத்தில் இருண்டதைப் பார்த்து எழுதிவைத்தார். ஐரோப்பியப் பண்டிதர்கள் இதை நம்புவதற்குத் தயாராக இல்லை. ஆயிரக்கணக்கான அற்பப் பூச்சிகள், தாளம் தட்ட ஒரு தலைவனும் இன்றி, எப்படி ஒத்துப்போகும்? 1917-இல் ஒருவர், கூட்டம் சேர்ந்து சிமிட்டியது பூச்சியன்று, பார்த்தவருடைய கண்ணிமையே என்று அமெரிக்க விஞ்ஞானப் பத்திரிகைக்கு எழுதினார்! சயாமில் மீன்வளத் துறைக்கு ஆலோசகராகப் பல வருஷம் இருந்த ஹியூ ஸ்மித் 1935-இல் அதே பத்திரிகையில் தாம் நேரில் கண்டதை விஸ்தாரமாக எழுதிய பின்புதான் சந்தேகம் தணிந்தது. ஜான் பக், எலிசபெத் பக் தம்பதிகள் 1960-களில் தாய்லாந்துக்கே வந்து, கோர்ஹாம் வருணித்த டெரோப்டிக்ஸ் மலாக்கேயைப் படம் பிடித்து அளந்து, ஒவ்வொரு பூச்சியின் உடலுக்குள்ளும் ஏறத்தாழ அரை வினாடிக்கு ஒரு முறை அடிக்கும் தாளம் ஒன்று இருக்கிறது, பக்கத்துப் பூச்சியின் ஒளியைக் கண்டு அது தன் தாளத்தைத் திருத்திக்கொள்கிறது என்று 1968-இல் நிரூபித்தார்கள். தலைவனும் வேண்டாம், தாளக்காரனும் வேண்டாம். பக்கத்தாரைப் பார்த்து நடந்தால் போதும். டெரோப்டிக்ஸ் டெனரின் தாளம் இன்னும் துரிதம். வினாடிக்கு ஏறக்குறைய மூன்று முறை. இறகின் மடிப்பைப்போலவே இந்தத் தாளமும் இனத்துக்கு இனம் மாறுகிறது என்பதுதான் இதில் நாம் கவனிக்க வேண்டியது. ஊசியில் குத்திய உடலில் இந்த அடையாளம் இராது.

இனி, இந்த ஒளி எப்போது, எதற்காக உண்டாயிற்று என்ற கேள்வி. காதலுக்காக என்றுதான் நம்மில் எவரும் சொல்வோம். கவிகளும் அப்படித்தான் சொல்வார்கள். பரிணாம சாஸ்திரத்தின் தீர்ப்பு வேறு. மின்மினிக் குடும்பத்தில் வளர்ந்த வண்டுகளுள் ஒளிராதவை உண்டு. அறியப்பட்ட புழுக்களிலோ ஒளிராதது ஒன்றும் இல்லை. கல்யாண வயது வராத புழுவுக்குக் காதல் ஏது? ஆகவே, ஒளி முதலில் புழுவில்தான் தோன்றியது, அது ஓர் எச்சரிக்கை அடையாளம் என்று பிரான்ஹாமும் வென்ஸெலும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வாதித்தார்கள். என்ன எச்சரிக்கை? மின்மினிகள் பலவற்றின் உடலில், தேரையின் விஷத்தை ஒத்த கசப்பான பொருள் இருப்பதை தாமஸ் ஐஸ்னர் 1978-இல் கண்டறிந்தார். தின்ற பல்லியும் பறவையும் உமிழ்ந்துவிடும், சில வேளை செத்தும் போகும். ‘நான் கசப்பேன், தொடாதே’ என்று இருட்டில் எழுதிவைத்த அறிவிப்புப் பலகைதான் முதல் வெளிச்சம். அதையே பிற்காலத்தில் வளர்ந்த வண்டுகள் துணைதேடும் தூதாக மாற்றிக்கொண்டன. லயத்துப் பிள்ளைகள் அந்தப் புழுவைக் கண்டு ஒதுங்கினார்கள் என்று மேலே சொன்னேன். ஒளி எதற்காக ஏற்பட்டதோ அதற்கு அவர்கள் மரியாதை செய்தார்கள் என்றே கொள்ள வேண்டும்.

காலத்தைப் பற்றியும் ஓரளவு சான்று உண்டு. வட பர்மாவின் சுரங்கங்களில் கிடைக்கும், சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முந்திய மரப்பிசின் கட்டிகளுக்குள் மின்மினிகள் அகப்பட்டிருக்கின்றன. அவற்றுள் ஒன்றை 2015-இல் புரோட்டோலூசியோலா என்று பெயரிட்டு, நம் சதுப்பு மின்மினி சேர்ந்த கிளையிலேயே வைத்தார்கள். டைனோசர்கள் நடந்த காட்டில் இந்தக் குலம் ஏற்கெனவே வண்டாக, ஒளியுறுப்போடு பறந்துகொண்டிருந்தது. ஒளியை உண்டாக்கும் என்ஸைமின் பூர்வீகமோ இன்னும் விசித்திரமானது. சாதாரணப் பூச்சிகளின் உடலில் கொழுப்பமிலங்களைப் பக்குவப்படுத்தும் எளிய என்ஸைம் ஒன்று உண்டு. அதன் ஜீன் இரட்டித்து, ஒரு பிரதி பழைய வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க, மற்றொன்று திரிந்து வெளிச்சம் தரக் கற்றுக்கொண்டது. 2018-இல் மின்மினிகளின் மரபணுத் தொகுதியையும் டுபுவாவின் வண்டுக்கு உறவான எகிறும் வண்டின் மரபணுத் தொகுதியையும் ஒப்பிட்டவர்கள், இரண்டு குலங்களும் இந்த வித்தையைத் தனித்தனியே கற்றுக்கொண்டவையாகத் தோன்றுகின்றன என்று முடிவு சொன்னார்கள். 2020-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள், இக்கால என்ஸைம்களைக் கொண்டு ஆதி மூதாதையின் என்ஸைமைக் கணக்கிட்டு உண்டாக்கிப் பார்த்தபோது, அது பச்சை ஒளி வீசிற்று.

ரசாயனத்தை நீட்ட எனக்கு விருப்பமில்லை. 1947-இல் பால்டிமோர் நகரத்தில் மெக்எல்ராய், நூறு பூச்சிக்கு 25 சென்ட் என்று சிறுவர்களுக்கு விலைபேசி வாங்கிய மின்மினிகளைக் கொண்டு, எல்லா உயிர்களுக்கும் சக்திப் பணமாக விளங்கும் ஏடிபி என்ற பொருள் இல்லாமல் இந்த விளக்கு எரியாது என்று காட்டினார். டுபுவாவின் சோதனைக்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து, 1985-இல், அந்த என்ஸைமின் ஜீன் தனியே பிரித்தெடுக்கப்பட்டது. செலவிடும் சக்தியெல்லாம் வெளிச்சமாகிவிடுகிறது என்று பழைய நூல்கள் புகழ்ந்ததை மட்டும் திருத்திக்கொள்ள வேண்டும்: 2008-இல் திரும்ப அளந்தபோது, நூறு மூலக்கூறு எரிந்தால் சுமார் 41 ஒளித்துகளே வெளிப்படும் என்று தெரிந்தது.

இப்போது செபெத்தாங் ஆற்றுக்குத் திரும்புவோம். போர்ட் வெல்ட் இன்று கோலா செபெத்தாங். பழைய நிலையத்தின் பெயர்ப்பலகை, தமிழெழுத்தும் தாங்கி, கடைவீதி நடுவே நிற்கிறது. அதைச் சூழ்ந்த மாத்தாங் சதுப்புக்காடு ஏறக்குறைய 40,000 ஹெக்டேர். இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்திலிருந்தே வனத்துறையார் முறைவைத்து, முப்பது வருஷச் சுழற்சியில் பாக்காவ் மரத்தை வெட்டிக் கரிச்சூளைக்கு அனுப்பி, வெட்டிய இடத்தில் திரும்பக் கன்று வைத்து வருகிறார்கள். உலகத்தில் இப்படி நெடுங்காலம் ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட சதுப்புக்காடு வேறு உண்டா என்பது சந்தேகமே. ஆனால் மின்மினிக்குப் பாக்காவ் முக்கியமன்று. உப்பு குறைந்த மேலாற்றில், கம்போங் டியூ போன்ற இடங்களில் கரையோரமாக வளரும் பெரம்பாங் மரத்தைத்தான் டெரோப்டிக்ஸ் டெனர் பெரும்பாலும் நாடுகிறது. பொழுது சாய்ந்ததும் ஆண்கள் அதன் இலைகளில் வந்து அமர்ந்து தாளம் பிடிக்கின்றன. முட்டையிடுவதோ மரத்தில் அன்று. கரைக்குப் பின்னாலுள்ள ஈர மண்ணில். அங்கே புழு மாதக்கணக்காகச் சிறு நத்தைகளைத் தின்று வளர்கிறது. ஆகவே மரத்தை விட்டுவைத்து, பின்னாலுள்ள நிலத்தைத் திருத்திச் செம்பனையோ இறால் குளமோ போட்டால், சில பருவங்களில் மரம் இருண்டுபோகும். பெரம்பாங் வியாபாரத்துக்கு உதவாத மரம்; உதவாத மரத்துக்கும் நத்தை ஊரும் சேற்றுக்கும் வாதாடுவதற்கு ஆள் கிடைப்பது கஷ்டம். டெனர் இனம் சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் ஆபத்துக்குள்ளாகக் கூடியவற்றின் வரிசையில் ஏறிவிட்டது.

சதுப்பு மின்மினிக்காவது படகுக்காரரும் பயணிகளும் ஆய்வாளரும் உண்டு. மேட்டுநிலத்து மின்மினிக்கு, கமுந்திங்கின் பால்மரக் காட்டிலும் ஈயக்குட்டைக் கரையிலும் தனித்தனியே பறந்தவற்றுக்கு, அப்படி யாருமில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்பும் தொழிற்பேட்டையும் வந்துவிட்டன. தெருவிளக்கின் கீழே மின்மினியின் தூது செல்லாது. எல்லாம் ஆராய்ந்து முடிந்தது என்று கருதப்பட்ட சிங்கப்பூரிலேயே, நீ சூன் சதுப்புவனத்தில் லூசியோலா சிங்கப்பூரா என்ற புது இனம் 2021-இல் வருணிக்கப்பட்டது. 1909-க்குப் பிறகு அந்தத் தீவில் அப்படி ஒன்று கிடைத்தது அதுவே முதல்முறை. லாரூட்டின் மேட்டுநிலத்தில் எத்தனை இனம் பெயரில்லாமலே போயிற்றோ, யார் கண்டார்கள்?

கண்டவர்கள் இருக்கிறார்கள். விடியற்காலை இருட்டில் நிரை பிடித்தவர்கள் இன்னும் சிலர் கமுந்திங்கிலும் சிம்பாங்கிலும் நம்மிடையே இருக்கிறார்கள். எந்தத் தோட்டத்தில், எந்த மாதத்தில், இரவு எத்தனை மணிக்கு, எந்த நிறத்தில், பறந்துகொண்டா உட்கார்ந்தா, விட்டுவிட்டா நிலையாகவா அது ஒளிர்ந்தது, எந்த வருஷத்திலிருந்து காணாமற்போயிற்று என்பவைதாம் ஊசியில் குத்திய உடல் ஒருகாலும் சொல்லமாட்டாத செய்திகள். வீட்டிலுள்ள இளைஞர்கள் அந்தப் பெரியவர்களைக் கேட்டு, தோட்டத்தின் பெயரோடும் டிவிஷன் பெயரோடும் எழுதி, தைப்பிங்கில் 1883 முதல் இருந்துவரும் பேராக் அரும்பொருட்சாலைக்கோ பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கோ ஒரு பிரதி கொடுத்து வைக்கட்டும். அடுத்த மழைக்காலத்துக்குள் செய்தால் நல்லது.